புலவரின் முதல் அடிக்கு என் பதில்

அன்புள்ள மகனுக்கு,

உறையைப் பிரித்ததும் யாரோ ஒரு குழந்தைப்பிள்ளை உன் பெயருக்குக் கடிதம் போட்டிருக்கிறது என்று நினைத்துவிடாதே. எழுதுவது உன் அப்பாதான். கோட்டுக்குள் நிற்கச் சொன்னால் என் எழுத்துகள் நிற்பதில்லை. ஒன்று மேலே ஏறிப் பார்க்கிறது, இன்னொன்று அடுத்த வரியில் காலை நீட்டிப் படுத்துக்கொள்கிறது. சில இடங்களில் தாள் கிழிந்தும் இருக்கும். மண்வெட்டி பிடித்துப் பழகிய கை பேனையையும் அப்படித்தான் பிடிக்கிறது. வாசிக்கச் சிரமமாக இருந்தால் பொறுத்துக்கொள். பிழைகளை நான் போகிற எழுத்து வகுப்பு ரீச்சர் திருத்தித் தந்தார், அதைப் பார்த்து இரண்டாம் முறை எழுதினேன். எழுத்தை மட்டும்தான் பார்ப்பேன், விஷயத்தைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லித்தான் தாள்களை வாங்கினார். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் அவர் சிரித்தது எனக்குக் கேட்டது.

இந்த வீட்டில் வாசிப்பு வேலை எல்லாம் அம்மாவுடையது என்பது உனக்குத் தெரியும். உரப்பையில் இருந்த எழுத்தையும் கல்யாண அழைப்பிதழையும் கமக்காரர் கூட்டத்து அறிவித்தலையும் அவள் வாசிப்பாள், நான் கேட்பேன். அவள் கண்ணை மூடிய பிறகு வீட்டிலிருந்த எழுத்தெல்லாம் ஊமையாகிவிட்டது. தபாலில் எது வந்தாலும் சந்தியிலுள்ள ஹனீபாவின் கடைக்குக் கொண்டுபோவேன். எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரன் ஹனீபா. சண்டை முடிந்து, நாங்கள் அகதி முகாமிலிருந்தும் அவன் இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்தும் திரும்பி வந்த வருடத்திலிருந்து எனக்குக் கூட்டாளி. சவர்க்காரமும் சீனியும் விற்றுக்கொண்டே என் கடிதங்களை வாசித்துத் தருவான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்குவான். அது அவனுக்கு ஒரு பெருமை.

மாரி மழையை நம்பிச் செய்கிற காலபோக விதைப்புக்கு முன், உன் தடித்த கடிதம் வந்தது. எந்தக் கதையையும் தொலைபேசியில் குரலாக அனுப்புகிற நீ ஆறு தாள் எழுதியிருக்கிறாய் என்றால் வாயால் சொல்லக் கூச்சப்பட்ட விஷயம் ஏதோ இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஹனீபா முதல் தாளை வாசித்தான். பாணும் கேக்கும் சுடுகிற வெதுப்பகத்தில் உன் வேலை, பிரான்சின் குளிர், முழங்கால் நோவுக்கு எனக்கு மருந்து. அதன் பின் தாளின் அடியில், உன்னோடு வேலை செய்கிற லான் என்ற பிள்ளையை உனக்குப் பிடித்திருக்கிறது என்றும் அவள் வியட்நாம் நாட்டுப் பிள்ளை என்றும் இருந்தது. நான் கையை நீட்டி நிறுத்தச் சொன்னேன்.

"அண்ணே, இன்னும் அஞ்சு தாள் கிடக்கு. முழுக்கக் கேட்டுப்போட்டுக் கோவியுங்கோ," என்றான் ஹனீபா.

"இனி என்னத்தைக் கேக்கக் கிடக்கு?"

"எனக்கு என்ன தெரியும்? நானும் இன்னும் வாசிக்கேல்லை."

வேண்டாம் என்று கடிதத்தைப் பறித்தேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நான் வாசிக்கிறதெண்டா முழுசாத்தான் வாசிப்பன். பாதிக் கடிதம் வாசிக்க இனி என்னட்டை வராதேங்கோ," என்றான். நான் வீட்டுக்கு வந்து, நீ கேட்ட அந்தக் குரலை அனுப்பினேன். நீ செய்யிறதைச் செய், என்னை ஒண்டும் கேக்காதை என்று. அதை அனுப்பத் தெரிந்த எனக்கு, அதைத் திருப்பி எடுக்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் நாங்கள் இருவரும் மழையைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் என் முழங்காலைப் பற்றியும் மட்டும் பேசினோம். அது என் பிழை. உன் கடிதத்தில் ஆறில் ஒரு பங்கைக் கேட்டுவிட்டு முழுவதற்கும் தீர்ப்புச் சொன்ன பிழை.

மிச்சம் ஐந்து தாளும் அலுமாரியில் அம்மாவின் சேலைகளுக்கு அடியில் கிடந்தன. ஒரு மாதம் போனதும் அவற்றில் என்ன இருக்கிறது என்று அறிய எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் ஹனீபாவிடம் போய்க் கேட்க வாய் வரவில்லை. அவன் சிரிப்பான். வேறு யாரிடமும் கொடுத்தால் ஊர் முழுக்கக் கதை போய்விடும். அந்த நேரத்தில்தான் பொதுநோக்கு மண்டபத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு, செவ்வாயும் வியாழனும் பின்னேரம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். கூட்டாளியிடம் தலை குனிவதைவிட எழுபத்தொரு வயதில் அரிவரி படிப்பது எனக்குச் சுகமாகத் தெரிந்தது. இப்படி ஒரு வீம்பு வேறு யாருக்கும் இருக்குமோ தெரியாது. எதற்காகப் படிக்கிறீர்கள் என்று ரீச்சர் கேட்டபோது, உரப் படிவத்தில் கையெழுத்து வைக்க என்று பொய் சொன்னேன்.

வகுப்பில் நான்கு பெண்களும் நானும். அதில் கனகம் என்று ஒரு மனிசி, சந்தையில் கருவாடு விற்கிறவ, வாய் நிற்காது. முதல் நாள் நான் 'அ' எழுதியதைப் பார்த்துவிட்டு, இந்த ஐயாவின் எழுத்து வயலில் மாடு படுத்த மாதிரி இருக்கு என்றா. எல்லோரும் சிரித்தார்கள். பார்த்தால் உண்மையாகவே அப்படித்தான் இருந்தது, நானும் சிரித்தேன். ஆனால் எழுத்து ஒன்றோடொன்று சேர்ந்து சொல்லாகிற அந்த நேரம் இருக்கிறதே, மகனே, அதை உனக்கு எப்படிச் சொல்வது. ஒரு நாள் பேருந்தில் வவுனியா போகும்போது ஒரு சுவரில் 'பாண்' என்று இருந்ததை நானே வாசித்தேன். பக்கத்திலிருந்தவருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் எனக்குப் பசிக்கிறதாக்கும் என்று நினைத்து ஒரு விசுக்கோத்து நீட்டினார்.

கொஞ்சம் வாசிக்க வந்ததும் உன் இரண்டாம் தாளை எடுத்தேன். முதல் வரியை வாசித்து முடிக்க ஒரு பின்னேரம் போனது. லானின் ஊரில் பல நூறு வருடங்களுக்கு முன் ஒரு புலவர் இருந்தார் என்று இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. பெண் கேட்கிற கடிதத்தில் இவன் ஏன் புலவரைக் கூட்டி வருகிறான் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. நேரே கேட்கப் பயந்து, அப்பாவுக்குக் கதை கேட்கப் பிடிக்கும் என்று தெரிந்து, சுற்றுப் பாதையால் வந்திருக்கிறாய். நல்ல வேலை செய்தாய். அவருடைய பெயர் என் வாய்க்குள் அடங்கவில்லை, அதனால் புலவர் என்றே எழுதுகிறேன். மூன்று மாதம் அவரோடுதான் இருந்தேன். ஒரு கிழமை, ஏழு நாளும் இருந்து, அரைத் தாள். அவருக்கு அடுத்து என்ன நடந்ததோ என்று வயலில் நிற்கும்போதும் யோசிப்பேன்.

அவர் சோதனை எழுதிய கதையைத்தான் வகுப்பில் முதலில் சொன்னேன். அந்தக் காலத்தில் அரசாங்க வேலைக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை சோதனை, அதுவும் வெட்டவெளியில். அவரவர் கூடாரத்தையும் மூங்கில் கட்டிலையும் சோற்றையும் மையையும் அவரவரே சுமந்துகொண்டு போக வேண்டும். முதல் முறை மழை வந்து கூடாரம் ஒழுகி, எழுதியதெல்லாம் கரைந்து போனது. இரண்டாம் முறை அரசனுடைய பெயரில் வருகிற ஓர் எழுத்தைத் தெரியாமல் எழுதிவிட்டார். அதை யாரும் எழுதக்கூடாதாம். தாளை வாசிக்காமலே வெளியே அனுப்பிவிட்டார்கள். கனகம் இதைக் கேட்டுவிட்டு, அப்ப நாங்கள் நல்லாத்தான் இருக்கிறம், ரீச்சர் எங்களை வெளியிலை அனுப்புறதில்லை என்றா. மூன்றாம் முறை தேறினார். குடை பிடித்து, பல்லக்கில் ஏற்றி, ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பின்னால் இன்னொரு பல்லக்கில் அவருடைய மனைவி வந்தா. நாற்று நட்ட சேறு காலில் காயாமலே ஏறியிருந்தாவாம்.

பிறகு தூரத்தில் ஆற்றங்கரை மாவட்டம் ஒன்றில் அவருக்கு வேலை. அணைக்கட்டைப் பார்த்துக்கொள்வது. பதினொரு வருடம் அங்கேயே இருந்து மனைவிக்குப் பாட்டுப் பாட்டாக அனுப்பினார். படித்தவர்கள் அப்போது சீன எழுத்தில்தான் எழுதுவார்களாம். வாயில் பேசுவது ஒரு பாஷை, தாளில் எழுதுவது வேறொரு பாஷை. சொந்தப் பேச்சை எழுதவும் ஓர் எழுத்து இருந்தது, பெரிய மனிதர்கள் அதைத் தொடமாட்டார்கள். ஒரு வருடம் அணை உடைந்து சனம் பட்டினி கிடந்தது. அரசனிடமிருந்து உத்தரவு வரும்வரை பார்த்திருக்காமல் அரிசிக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார் புலவர். உத்தரவு வந்தபோது அரிசியும் முடிந்தது, அவருடைய வேலையும் முடிந்தது. ஒரு கூடையோடு ஊருக்கு நடந்து வந்தார்.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். மூன்று தரம் வாசித்தேன். ரீச்சர் சிரித்ததும் இந்த இடத்தில்தான். வீட்டுக்கு வந்தவரிடம் மனைவி நெற்பெட்டிக்குள்ளிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துக் கொடுத்தா. அவர் அனுப்பிய பாட்டுகள் எல்லாம் பிரிக்காமல் இருந்தன. அவவுக்கு வாசிக்கத் தெரியாது, நீங்களே வந்து வாசியுங்கோ என்று வைத்திருந்தா. அவரும் இருந்து ஒவ்வொன்றாக ராகம் போட்டு வாசித்தார். அவ பொறுமையாகக் கேட்டா. கடைசியில், நல்லாயிருக்கு, என்ன சொல்லியிருக்கிறியள் என்று கேட்டா. நிலவைப் பார்த்து உன்னை நினைத்தேன், வாத்து பறந்தபோது ஏங்கினேன் என்று விளக்கினார். அப்போது அவ கேட்டது இதைத்தான். எருமை செத்த வருடம் உங்களிடம் ஆள் அனுப்பினேனே, நானே கலப்பை இழுத்தேனே, அதற்கு எந்தப் பாட்டில் பதில் இருக்கிறது? கட்டு முழுவதையும் தேடினாலும் எருமை இல்லை. அதன் பிறகு புலவர் சீன எழுத்தில் ஒரு வரியும் எழுதவில்லை. சொந்தப் பேச்சில் எழுதி முதலில் அவவுக்குத்தான் வாசித்துக் காட்டுவார். அவவுக்குச் சிரிப்போ கோபமோ வராவிட்டால் கிழித்துப் போடுவார். பல்வலியைப் பாடினார், வரி கேட்க வந்தவனின் வயிற்றைப் பாடினார், கூரை ஒழுகாத இடம் தேடிப் பாயை இழுத்து இழுத்து விடியும்போது முற்றத்தில் நின்ற கதையைப் பாடினார்.

இதை வாசித்தபோது எனக்கு உன் அம்மாவின் நினைவு வந்தது. ஆனால் அழுகை வரவில்லை, சிரிப்புத்தான். நான் கொழும்பில் மூட்டை தூக்கிய காலத்தில் அவளுக்கு ஒரு சினேகிதனைக் கொண்டு கடிதம் எழுதுவித்தேன். அவன் தன் பாட்டில் நிலவு, தென்றல், தேன் என்று எழுதிவிட்டான். வீட்டுக்கு வந்தபோது அவள் கேட்டது, தேன் கிடக்கட்டும், கிணற்றுக் கயிறு வாங்கி வந்தீர்களா என்று. லானுக்கு நீ என்ன சொன்னாலும் சொல்லு, ஆனால் அவள் அன்று என்ன கேட்டாள் என்பதை மறந்துபோய்ச் சொல்லாதே. அவள் சொல்ல வந்ததைக் கடைசி வரை கேள். இதை நான் உனக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை என்று நீ சிரிப்பாய். தகுதி இல்லாதவன் சொல்வதால்தான் நம்பலாம், பட்டுச் சொல்கிறேன்.

புலவர் எழுதியதெல்லாம் சண்டைக் காலங்களில் எரிந்து போனது என்று ஐந்தாம் தாளில் எழுதியிருந்தாய். ஆனால் நாற்று நடுகிற பெண்கள் வாயில் பாட்டுகள் இருந்தன. எழுத்துத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல யாரோ இருந்து திருப்பி எழுதினார்களாம். முகாமுக்கு வரும் வழியில் எங்கள் காணியின் உறுதிப்பத்திரமும் உன் பிறப்புச் சாட்சிப்பத்திரமும் எங்கே விழுந்தன என்று இன்னும் தெரியாது. அதனால் அந்தப் பெண்களை எனக்கு நன்றாகப் பிடித்தது. லானின் அப்பா வயல் செய்துகொண்டு புலவர் இருந்த பழைய வீட்டைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்கிறவர் என்றும் அதில் இருந்தது. வெற்றிலை பாக்குக் கொண்டுபோய்த்தான் அங்கேயும் பெண் கேட்பார்களாம். நான் தாளைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் முற்றத்தில் ஒரு சுற்று நடந்தேன். வெற்றிலை பாக்கோடு பெண் கேட்கிற ஊரைத்தானே நான் அந்நியம் என்று தள்ளினேன்.

ஆறாம் தாளைச் சென்ற மாதம் வாசித்தேன். அந்த ஊரில் சம்பந்தம் செய்கிறபோது பெண்ணின் தகப்பன் புலவரின் ஓரடியை எழுதி அனுப்புவாராம். மாப்பிள்ளையின் தகப்பன் அதற்கு எதிர் அடி எழுதி அனுப்ப வேண்டும், தன் கையாலேயே. முதல் அடியில் மலை வந்தால் பதிலில் ஆறு வர வேண்டும், பகல் வந்தால் இரவு. லானின் அப்பா எனக்கென்று அனுப்பிய அடியை நீ தமிழில் எழுதியிருந்தாய். "வெள்ளம் வரப்பை மூடியது, யாருடைய வயல் என்று கேளாமல் கொக்கு நிற்கிறது." அதற்குக் கீழே கடைசி வரி. நீங்கள் ஓம் என்றால்தான் நாங்கள் செய்வோம் அப்பா, இல்லாவிட்டால் இப்படியே இருப்போம், லானின் அப்பாவும் உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று.

எட்டு மாதம், மகனே. ஒரு மனிதர் தன் பிள்ளைக்காக என் எழுத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசும்போது, அந்தப் பிள்ளை இன்னும் வெதுப்பகத்தில் வேலை செய்யுதோ என்று நான் கேட்டது உனக்கு நினைவிருக்கும். நீ "ஓம்" என்றாய். வேறொன்றும் நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இன்னும் காலம் கடந்துவிடவில்லை என்று அந்த 'ஓம்' எனக்குச் சொன்னது. தொலைபேசியிலேயே சம்மதம் சொல்லியிருக்கலாம். குரலால் மறுத்ததைக் கையால் எழுதித்தான் திருத்த வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

அடுத்த நாள் காலை ஆறு தாளையும் எடுத்துக்கொண்டு ஹனீபாவின் கடைக்குப் போனேன். வாங்குப் பலகையில் உட்கார்ந்து, முதல் தாளிலிருந்து கடைசி வரை நானே சத்தமாக வாசித்தேன். மத்தியானம் ஆகிவிட்டது. வந்த சனத்துக்கு அவன் சாமான் கொடுக்கவில்லை, பொறுங்கோ, புலவர் சோதனை எழுதுறார் என்று நிறுத்தி வைத்தான். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான்.

"எட்டு மாசமா எனக்கும் நித்திரை இல்லை அண்ணே. அந்த அஞ்சு தாளிலை என்ன கிடக்கெண்டு."

"அப்ப நீ வந்து கேட்டிருக்கலாமே?"

"நீங்கள் வருவீங்கள் எண்டு நான் இருந்தன். பாதியிலை நிப்பாட்டினது நீங்கள்தானே."

அதற்குப் பிறகு எதிர் அடிதான் வேலை. வகுப்பில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். வெள்ளத்துக்கு எதிர் வெயில் என்று ரீச்சர் சொல்லித் தந்தார். வரப்புக்கு எதிர் குளம் என்று நான் கண்டுபிடித்தேன். கொக்குக்கு என்ன செய்வது? கனகம் காகம் போடச் சொன்னா, கருவாட்டைத் தூக்குகிற காகம் எல்லா ஊரிலும் இருக்கும் என்று. நான் மயில் போட்டேன், குரங்கு போட்டேன், யானையும் போட்டுப் பார்த்தேன். வெயிலில் வற்றிய குளத்தில் யானை யாரையும் கேட்காமல் நிற்கும்தான், ஆனால் அதைச் சம்பந்திக்கு அனுப்பினால் பயந்துவிடுவார். ஐந்து வகுப்பு இப்படியே போனது. ஒரு நாள் குளத்தில் தண்ணீர் இறங்கி, வாய்க்காலும் நின்று, முகம் கழுவ ஹனீபாவின் வயல் கிணற்றுக்குப் போனேன். நாங்கள் திரும்பி வந்த முதல் கோடையில் இந்தப் பக்கத்தில் குடிக்கக்கூடிய ஒரே கிணறு அது. அவனும் நானும் இருந்து இறைத்து, செத்த பாம்பையும் தகரத்தையும் வெளியே எடுத்துத் துப்புரவாக்கினோம். பிறகு ஊர் முழுக்க வந்து அள்ளியது. வாளியைத் தூக்கும்போது என் வரி வந்தது. கையில் பேனை இல்லை. மறந்துவிடுவேனோ என்று பயந்து வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"வெயில் குளத்தை வற்ற வைத்தது, யாருடைய வாளி என்று கேளாமல் கிணறு ஊறுகிறது."

கனகம் அதைத் தன் தாளிலும் பார்த்து எழுதிக்கொண்டா. அது அவவிடம் பெரிய பாராட்டு. ஹனீபா இரண்டு தரம் சொல்லச் சொன்னான். தன் கிணறு வியட்நாமுக்குப் போகிறது என்று வருகிறவர்களுக்கெல்லாம் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஆகையால் மகனே, ஓம். லானைக் கலியாணம் செய். முழு மனதோடு சொல்கிறேன். ஆவணியில் வைத்தால் எனக்குச் சிறுபோக அறுவடை முடிந்திருக்கும், வர முடியும். கடவுச்சீட்டுப் படிவம் எடுத்துவிட்டேன். மையில் விரலை அழுத்துகிற இடத்தில் கையெழுத்து வைத்தேன், அந்த அலுவலகத்துப் பிள்ளை அதைப் பார்த்து, ஐயா இது கையெழுத்தோ படமோ என்று கேட்டது. இரண்டும்தான் என்று சொன்னேன். லானிடம் என் மன்னிப்பைச் சொல்லு. அவளுக்கு எங்கள் சோறு பிடிக்குமோ, உறைப்புத் தாங்குவாளோ என்று எழுது. அவளிடமிருந்து அந்தப் பல்வலிப் பாட்டு முழுவதையும் கேட்டு எனக்கு எழுது.

சம்பந்திக்குப் போக வேண்டிய தாளை இன்னும் எழுதி முடிக்கவில்லை. நான்கு தாள் வீணாகிவிட்டது. ஒன்றில் 'கிணறு' மடங்கிக் கீழே விழுந்துவிட்டது, ஒன்றில் ஹனீபாவின் தேநீர். இப்போது அவன் கடையிலிருந்து தடித்த வெள்ளைத் தாள் ஒன்று தந்திருக்கிறான். வியாழக்கிழமை வகுப்பில் ரீச்சருக்கு முன்னால் இருந்து ஆறுதலாக எழுதி, வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில் போடுவேன். அதோடு உனக்கும் ஒரு தாள் இருக்கும், இதைவிட நேராக. லானின் அப்பாவிடம் இதை மட்டும் சொல்லு: எட்டு மாதம் பொறுத்த மனிசன், இன்னும் ஒரு கிழமை பொறுக்கட்டாம், மாப்பிள்ளையின் தகப்பன் எழுதிக்கொண்டிருக்கிறான்.

அன்புடன்,
அப்பா